பச்சைப்பாம்பும் கண்ணாடிப் பெட்டியும்

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் மக்களுக்குப் பச்சைப்பாம்பு புதியதோர் உயிரன்று. வேலியோரப் புதரிலும், நிழல் மரங்களின் தாழ்ந்த கிளைகளிலும், சில வேளை லயத்துக் கூரையருகே தொங்கும் கொடியிலும் அது கிடக்கும். காற்றில் இலை அசைந்தால் தானும் அசையும். இலை நின்றால் தானும் நிற்கும். அதைக் கண்டவுடன் கண்ணைப் பொத்திக்கொள்வோர் பலர். கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கண்கொத்திப் பாம்பு என்னும் பெயரும் அதனாலேயே வந்தது. வேறு சிலரோ, பச்சைப்பாம்பை ஒரு முறை கையால் உருவிவிட்டால் சமையலில் கைமணம் உண்டாகும் என்பர். ஒரே பாம்பு ஒரு வீட்டில் கண்ணைப் பறிப்பதாகவும், அடுத்த வீட்டில் குழம்புக்குச் சுவை தருவதாகவும் இருப்பது நகைப்புக்குரியதே. இரண்டுமே உண்மையல்ல என்று மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. சிங்கள மொழியில் இப்பாம்பிற்கு வழங்கும் பெயருக்குக் கண்ணைப் பறிப்பது என்றே பொருள். 'அகேட்டுல்லா' என்னும் அப்பெயரையே மேனாட்டு விலங்கியலார் இப்பேரினத்திற்கும் சூட்டிவிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இருப்பது ஒரே வகைப் பச்சைப்பாம்பு என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவை ஒன்றல்ல, பல இனங்கள் என்று காட்டிற்று. பழைய பெயருக்குரிய பாம்பு இலங்கைக்கே உரியதாயிற்று; நம் மலைக்காடுகளில் உள்ளவை வேறு பெயர் பெற்றன. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் புதரில் இருப்பது இன்னதென்று அறிஞர்கள் முடிவு செய்ததே அண்மையில்தான் என்பது வியப்பன்றோ!

நிற்க. பழைய அச்சமும் பழைய ஆசையும் போய், இப்போது புதிய ஆசை ஒன்று நம் பிள்ளைகளிடையே பரவி வருகின்றது. கைப்பேசியைத் திறந்தால், அயல்நாட்டார் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பாம்பொன்றை வளர்க்கின்றார். அது கிளைமேல் வளையம் வளையமாகச் சுற்றி, நடுவே தலையை வைத்துக்கொண்டு, மரகத மாலை போல் தோன்றுகின்றது. நம் பிள்ளைகள் அதைக் கண்டு, "இது நம் தோட்டத்தில் இருப்பதுதானே" என்று கருதுகின்றனர். ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது.

கைப்பேசியில் காண்பது பெரும்பாலும் பச்சை மரமலைப்பாம்பு. அதன் தாயகம் நியூகினித் தீவும், ஆஸ்திரேலியாவின் வடமுனையும். நஞ்சற்றது, ஏறக்குறைய ஐந்தடி வளரும், குட்டிப் பருவத்தில் மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருந்து பின்னரே பச்சையாகும். அதை வளர்ப்போர் செய்யும் ஏற்பாடுகளைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அஃது ஒரு விளையாட்டன்று என்பது புலனாகும். மரத்தில் வாழும் பாம்பிற்குத் தரைப்பரப்பைவிட உயரமே தேவை. ஆதலால் பெட்டியை நெடிதாக அமைக்கின்றனர். பாம்பின் உடற்பருமனுக்கு ஒத்த கொம்புகளைக் கிடையாகப் பொருத்துகின்றனர். கொம்பு மெலிந்தால் உடலைத் தாங்காது, பருத்தால் பிடிப்பு இராது. ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் தணிவு. பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். பகலில் வெம்மையான பக்கம் ஏறத்தாழ 30 பாகை இருக்க வேண்டும்; இரவில் சற்றுக் குறையலாம். அதற்கென வெப்ப விளக்கும், அது மிகாமல் காக்கும் கருவியும் உண்டு. நாள்தோறும் நீரைப் பனிபோல் தெளிக்க வேண்டும். ஆனால் பெட்டி எப்போதும் சொதசொதவென்று இருத்தலும் ஆகாது. காற்றோட்டம் இன்றேல் மூச்சுநோய் வரும். இரையைக் கையால் கொடுப்பதில்லை. நீண்ட இடுக்கியால் நீட்டுவர். இங்கே இடுக்கி என்றது நம் மாவட்டத்தை அன்று, கொல்லன் கைக் குறடு போன்ற கருவியை. இரை உண்ட பின் பல நாள் அதைத் தொடுவதே இல்லை. கையில் எடுத்து விளையாடும் பிராணியன்று அது. பார்த்து மகிழும் பிராணி.

மார்கழி, தை மாதங்களில் பனி கொட்டும் நம் மலையில், மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் லயத்தில், இவ்வளவும் நடக்கக் கூடியதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாம்பை அடைத்து வைப்பது நம் நாட்டார்க்குத் தெரியாத கலை என்று யாரும் எண்ண வேண்டா. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடைபெற்று வருகின்றது. வனத்துறையின் உரிமம் பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுவர். சில வாரங்களுக்குள் சில முறை நஞ்செடுத்துவிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவர். பாம்புக்கடி மருந்து செய்வதற்கு அந்நஞ்சே மூலப்பொருள். இதில் நாம் கவனிக்க வேண்டியது பானை. நாகமும் விரியனும் எலிவளையிலும் கல்லிடுக்கிலும் ஒண்டி வாழ்பவை. குளிர்ந்த இருட்டுப் பானை அவற்றுக்கு மற்றுமொரு வளை. படிப்பறிவு மிகுதியாக இல்லாத முன்னோர் எவரோ பாம்பின் மனமறிந்து கண்ட ஏற்பாடு இது என்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் அதே பானையில் ஒரு பச்சைப்பாம்பை இட்டால் என்னாகும்? அது வளையறியாத பாம்பு. வெளிச்சமும் இலையும் உயரமும் இன்றி அதற்கு வாழ்வில்லை.

கண்ணாடிப் பெட்டி அதற்கு இன்னும் கொடிது. பச்சைப்பாம்பின் முகம் நீண்டு கூர்த்து முன்னே துருத்தி நிற்கும். கண்ணின் பாவை மற்றப் பாம்புகளுக்கு இருப்பது போல் வட்டமாகவோ செங்குத்தாகவோ இராது. சாவித்துளை போல் கிடையாக இருக்கும். இரண்டு கண்களாலும் ஒருங்கே முன்னோக்கித் தூரத்தை அளந்து, ஓணானையும் தவளையையும் பாய்ந்து பிடிக்கும். இத்தகைய பார்வையுடைய பாம்பிற்குக் கண்ணாடி என்பது விளங்காத பொருள். அப்பால் இலை தெரிகின்றது, போக முயல்கின்றது, முகம் இடிக்கின்றது. மீண்டும் மீண்டும் இடித்து மூக்கு நுனி புண்ணாகிவிடும். அடுத்த சிக்கல் உணவு. அசையும் இரையைக் கண்டு பழகிய அதற்குச் செத்த எலி உணவாகவே தோன்றுவதில்லை. கடையில் வாங்கிப் போடும் தீனி எதையும் அது தொடாது.

தேர்ந்தவர் கையில் அது வாழவே வாழாது என்று சொல்லவில்லை. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1885 ஆகஸ்டு முதல் தனியே வைக்கப்பட்டிருந்த பெண் பச்சைப்பாம்பு ஒன்று, 1888 ஆகஸ்டில் குட்டிகளை ஈன்றதாகப் பதிவு உண்டு. மூன்றாண்டுக் காலம் ஆண்துணையே இல்லை! இப்பாம்பு முட்டையிடுவதன்று, குட்டி போடுவது என்பதும், முன்பு பெற்ற விந்தை நெடுநாள் உடலில் தேக்கிவைக்கும் ஆற்றல் அதற்கு இருக்கக்கூடும் என்பதும் இதனால் எழுந்த செய்திகள். ஆனால் அங்கே நாள்தோறும் பார்த்துக்கொள்ளப் பணியாளர் இருந்தனர், மேற்பார்வை இருந்தது. நம் சென்னையிலும், ரோமுலஸ் விட்டேக்கர் தோற்றுவித்துக் கிண்டியில் 1972 முதல் இருந்துவரும் பாம்புப் பண்ணையில் மரப்பாம்புகளைக் காணலாம். பிள்ளைகளின் ஆசைக்கு அங்கே அழைத்துச் செல்வதே நல்ல விடை.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டில் இரயில்வே எழுத்தராக இருக்கும் நாம், சென்ற பள்ளி விடுமுறையில் எம் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதையே இல்லாதபடியால், இரயில்வேக்காரனாயினும் போடிநாயக்கனூரில் இறங்கி ஜீப்பில்தான் மலையேற வேண்டும். உடும்பஞ்சோலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் தமக்கையார் குடும்பம் இருக்கின்றது. மகன் எட்டாம் வகுப்பு முடித்தவன், கூர்த்த மதியினன், எதையும் தானே செய்து பார்க்க வேண்டும் என்னும் துடிப்புடையவன். நாம் சென்றதும் அவன் எம்மைக் கைபிடித்து அழைத்துப்போய்க் காட்டியது, ஒரு பழைய மீன்தொட்டி. மேலே கொசுவலை கட்டி, உள்ளே கொய்யாக் கிளை நட்டு, அடியில் பாசி பரப்பியிருந்தான். உழைப்பில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. கிளையில் ஒரு பச்சைப்பாம்பு.

"பன்னிரண்டு நாளாக இருக்கிறது, மாமா. இன்னும் ஒன்றும் தின்னவில்லை" என்றான்.

மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்திருந்தது. தொட்டியின் மூலையில் செத்த பல்லியொன்று காய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் பால்! அது பாட்டியாரின் உபயம். பாம்பு பால் குடிப்பதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம் பாட்டிமார் நம்பப் போவதில்லை, அதை விடுவோம். மரப்பாம்பு கிண்ணத்தில் நீரும் அருந்துவது அரிது. இலைநுனியில் தங்கும் துளியையே நக்கிப் பருகும். ஆகவே நீரைக் கையில் அள்ளிக் கிளைமேல் தெளிக்கச் சொன்னோம். சற்று நேரம் அசைவில்லை. பிறகு அந்தக் கூரிய முகம் மெல்லத் திரும்பி, ஓர் இலையிலிருந்து துளியைப் பருகத் தொடங்கிற்று. பருகிற்று, பருகிற்று, நிறுத்தவேயில்லை. பையன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாள் தாகம் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

அதனோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை. சிறிது நேரம் கழித்து அவன் சொன்ன செய்திதான் எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் தோழன் ஒருவன் இன்னொரு பச்சைப் பாம்பைப் பார்த்து வைத்திருக்கின்றானாம். "இதைவிடக் குட்டை, மாமா. தடியாக இருக்கும். தலை வெற்றிலை மாதிரி. பகலெல்லாம் ஒரே இலையில் இருக்கும், கிட்டப் போனாலும் நகரவே நகராது. பிடிப்பது எளிது."

அது பச்சைப்பாம்பன்று, பச்சைக் குழிவிரியன். நம் ஏலமலையில் இவ்வகை விரியன்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அவற்றுள் பெரிய செதில்களை உடைய ஒன்று தென்மேற்குத் தொடர்ச்சி மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. பகலில் உறங்குவது போல் கிடக்கும், இரவில் வேட்டையாடும். கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே ஒரு சிறு குழி உண்டு. இருட்டிலும் இரையின் உடல் வெம்மையை அக்குழியால் உணரும். நகராதது சாதுவாக இருப்பதாலன்று, மறைவில் நம்பிக்கை கொண்டிருப்பதால்தான். பையன் சொன்ன அடையாளங்கள் யாவும் சரியானவை. அவற்றிலிருந்து அவன் கண்ட முடிவு ஒன்றே தவறானது. பச்சைப்பாம்பு எழுதுகோல் போல் மெலிந்து நீண்டது, முகம் கூரியது, பாவை கிடையானது. குழிவிரியன் குட்டையானது, கழுத்துச் சிறுத்துத் தலை அகன்றது, பாவை செங்குத்தானது. பாவையைப் பார்க்கும் அளவுக்கு யாரும் அருகே போக வேண்டா. உடலும் தலையும் பார்த்தாலே போதும். இவ்விரியனுக்கும் பச்சைப்பாம்புக்கும் நிறம் ஒன்றுதான் பொது. பச்சைப்பாம்பின் நஞ்சு வாயின் பின்புறப் பற்களில் இருப்பது, மெல்லியது, கடித்த இடம் வீங்கி நோவதோடு நின்றுவிடும்.

குழிவிரியன் கடி அப்படியன்று. உயிர் போவது அரிதேயாயினும், கை கால் பெருத்து வீங்கி, கடும் வலி எடுத்து, இரத்தம் உறைவதிலும் கோளாறு நேரலாம். இங்கே ஒரு செய்தியைத் தோட்டத்து மக்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகவே செய்யப்படுவது. குழிவிரியன் நஞ்சுக்கு அது மாற்றாகாது. மருத்துவர் உடன் இருந்து, வீக்கத்தையும் இரத்தத்தையும் கவனித்து, வேண்டிய சிகிச்சை செய்வதே வழி. ஆதலால் எந்தப் பாம்பு என்று அடையாளம் சொல்வது மருத்துவர்க்குப் பேருதவி. அதற்காகப் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போக வேண்டா. கடிவாயைக் கீறுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். கடித்த அங்கத்தை அசைக்காமல் வைத்து, தாமதமின்றி மருத்துவமனை சேர வேண்டும்.

எம் அத்தான் வேலை முடிந்து வந்ததும் விவரம் சொன்னோம். அவர் மகனை அடிக்கவில்லை. தம் கையை விளக்கருகே நீட்டி, சுண்டுவிரலைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் காய் எடுக்கும்போது பட்ட கடி. தோள்வரை வீங்கி, ஒரு மாதம் கூலி போயிற்று. விரல் இன்றும் முழுதும் மடங்குவதில்லை. "இதுவும் பச்சைதான்" என்றார். அவ்வளவே. பையன் அன்றிரவே தோழன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் செய்தி சொல்லி வந்தான்.

தமக்கையாருக்கு வேறொரு கவலை. "தம்பி, வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்குப் போட்டுவிடுவார்களோ? நாம் இந்த ஊர்க்காரர் அல்லவே" என்றார். மலையேறி வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த அச்சம் இயல்பே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்லுதல் மட்டுமன்றிப் பிடித்தலும் பொருளாகும். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. ஊர்க்காரர்க்கும் இல்லை, வந்தவர்க்கும் இல்லை. கேரள வனத்துறை 2020-இல் வகுத்த விதிப்படி, பயிற்சியும் சான்றும் பெற்றவரே குடியிருப்புகளில் பாம்பு பிடிக்கலாம். அத்தகையோரை அழைப்பதற்குச் 'சர்ப்பா' என்னும் கைப்பேசிச் செயலியும் உண்டு. மறுநாள் காலை அதன்வழி அழைத்தோம். வந்த இளைஞர் மலையாளத்தில், "பச்சிலைப்பாம்பு" என்று சொல்லிச் சிரித்தார். பையனைக் கடிந்துகொள்ளவில்லை, எங்கே பிடித்தாய் என்று மட்டும் கேட்டு, அவ்விடத்துக்கே கொண்டுபோய்ப் புதரில் விட்டார். கிளையைத் தொட்ட மறுகணம் அது எங்கே என்று எமக்குத் தெரியவில்லை. தமக்கையாரின் முகத்தில் அப்போதுதான் நிறம் வந்தது.

வெளிநாட்டுப் பாம்பை விலைக்கு வாங்கினால் குற்றமில்லையே என்று வாதிடும் பெரிய பிள்ளைகளும் உளர். அதற்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. 2022-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2024-இல் வந்த விதிகள், பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மலைப்பாம்பு இனங்கள் யாவும் அப்பட்டியலில் உள்ளவை. ஆனால் பாங்காக்கிலிருந்து பயணிகளின் பெட்டிக்குள் துணிப்பைகளில் சுருட்டி வைத்துக் கொண்டுவரப்படும் பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்தார் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். கைமாறி வரும் பாம்பின் பிறப்பு யாருக்குத் தெரியும்?

சலிப்பு வந்ததும் வெளியே விடப்பட்ட வளர்ப்புப் பாம்புகள் செய்த கேட்டிற்கு அமெரிக்காவின் புளோரிடாவே சான்று. ஆசையாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் அங்குள்ள சதுப்புக் காட்டில் பெருகி, முயல் முதலிய சிற்றுயிர்களை ஏறக்குறையத் துடைத்தே விட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க அந்நாட்டார் 2017-இல் அழைத்தது யாரை? நம் இருளர் பெருமக்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்! இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வடநெம்மேலிப் பானையருகே கற்ற கலை கடல் கடந்து சென்ற வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

ஏலக்காய் மேலே கிளையில் தொங்குவதன்று. தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. காய் எடுப்போர் குனிந்து, முகமும் கையும் இலைகளுக்குள் புகுத்தியே வேலை செய்ய வேண்டும். குழிவிரியன் கிடப்பதும் அந்தத் தாழ்ந்த இலைகளில்தான். எம் அத்தான் அந்தக் கடிக்குப் பிறகு, தூரில் கை வைக்குமுன் இரண்டு முழக் கழியால் இலைகளைத் தட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. விடுமுறை முடிந்து நாம் புறப்பட்ட அன்று, மீன்தொட்டியிலிருந்து எடுத்த கொய்யாக் கிளையை வாசற்படியில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தான் எம் மருமகன். தாயாருக்கு ஒன்று, தோழன் வீட்டாருக்கு ஒன்று என்று இரண்டு கழி.